எவர்சில்வர் வண்டி

2025 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்டினுக்கு வடக்கே நாங்கள் போகும் தமிழ்ப் பள்ளியின் பார்க்கிங் லாட். வகுப்பு முடிந்து பிள்ளைகள் நோட்டும் கையுமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சத்தமே இல்லாமல் ஒரு சைபர்ட்ரக் வந்து நின்றது. என் எட்டு வயது மகன் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்:

“குப்பைத்தொட்டி வந்தாச்சு! குப்பைத்தொட்டி வந்தாச்சு!”

பக்கத்தில் நின்ற நாலைந்து பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வண்டியில் ஏற வேண்டிய பெண் அவன் வகுப்பில்தான் படிக்கிறாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டே போய் ஏறி, பின்சீட்டில் சரிந்து உட்கார்ந்துகொண்டாள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே குழந்தை இருப்பதே தெரியவில்லை.

வீட்டில் தமிழில் பேசு, தமிழில் பேசு என்று வாரம் முழுக்க இவனிடம் கெஞ்சுகிறோம். அன்றைக்குப் பார்த்து ஒரு ஆங்கிலச் சொல் கலக்காமல் சுத்தமான தமிழில் கத்தியிருக்கிறான்.

காரில் ஏறியதும் கேட்டேன். “அப்படிச் சொல்லலாமாடா?”

“நீங்கதானேப்பா சொன்னீங்க?”

உண்மைதான். நான்தான் சொன்னேன். ஒரு தடவை இல்லை. பார்மர் லேனில் அந்த வண்டி எதிரே வரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். டெக்சாஸில், அதுவும் அந்த வண்டியைச் செய்கிற தொழிற்சாலை இருக்கும் ஆஸ்டினில், அது அடிக்கடி எதிரே வரும். நான் சொன்னதைப் பின்சீட்டில் ஒருவன் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

இதில் நான் வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அதே வண்டிக்கு நானும் ஒரு காலத்தில் முன்பதிவு செய்திருந்தேன்.

2019 நவம்பர் 21ஆம் தேதி இரவு. மகனுக்கு அப்போது இரண்டு வயது. அவனைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டே அந்த அறிமுக நிகழ்ச்சியைப் போனில் பார்த்தேன். உடையாத கண்ணாடி என்று சொல்லிவிட்டு டெஸ்லாவின் தலைமை வடிவமைப்பாளர் ஃபிரான்ஸ் வான் ஹோல்ஹவுசன் இரும்பு உருண்டையை எறிய, கண்ணாடி மேடையிலேயே விரிசல் விட்டது. உலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே 100 டாலர் கட்டி இடம் பிடித்தேன்! அன்று சொன்ன ஆரம்ப விலை 39,900 டாலர். மூன்று மோட்டார் உள்ள வண்டி ஒரு சார்ஜில் 500 மைல் போகும், விலை 69,900 டாலர் என்றார்கள்.

எனக்கு அந்த வடிவம் பிடிக்கவில்லை. பிறகு ஏன் பணம் கட்டினேன் என்றால், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அது என் அப்பாவின் கேம்ரிக்கு நேர் எதிராக இருந்தது.

1995இல் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கும் எட்டு வயது. அப்பா முதலில் வாங்கியது ஒரு பழைய டொயோட்டா கேம்ரி. மணல் நிறம். அடுத்ததும் கேம்ரி. அதற்கடுத்ததும் கேம்ரி. “ரோட்டுல போனா நம்மள யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாதுடா” என்பார். அதுதான் அவருடைய வாகனக் கொள்கை. வேகமாகப் போகாதே, ஹாரன் அடிக்காதே, வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டாதே. 2001 செப்டம்பருக்குப் பிறகு அந்தக் கொள்கை இன்னும் இறுகியது. உங்களில் பலருடைய வீட்டிலும் ஒரு கேம்ரியோ அக்கார்டோ இப்படி ஓசையில்லாமல் வாழ்ந்திருக்கும். அந்தப் பின்சீட்டில் வளர்ந்தவனுக்கு, ஊரே திரும்பிப் பார்க்கிற வண்டி ஒன்றை ஒருநாளாவது ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசை வந்தது பெரிய குற்றமா?

ஆனால் 2023 நவம்பர் 30 அன்று முதல் வண்டிகளைக் கொடுக்கத் தொடங்கியபோது கணக்கு மாறியிருந்தது. ஆரம்ப விலை 60,990 டாலர், அதுவும் 2025இல்தான் என்றார்கள். உச்ச வகை 99,990 டாலர். 500 மைல் என்ற பேச்சே இல்லை. நான் முன்பதிவை ரத்து செய்தேன். 100 டாலர் திரும்பி வந்தது. அன்றிலிருந்து கேலி செய்யத் தொடங்கினேன். கிடைக்காத திராட்சைக் கதைதான், வேறென்ன!

நியாயமாகச் சொல்ல வேண்டும். பொறியாளராகப் பார்த்தால் அந்த வண்டியில் ரசிக்க நிறைய இருக்கிறது. கார்களில் பல பத்தாண்டுகளாக 12 வோல்ட் மின்சாரம்தான். இதில் 48 வோல்ட். அழுத்தம் நாலு மடங்கானால் அதே வேலைக்கு நாலில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும், கம்பிகள் மெலிந்துவிடும். அதை எப்படிச் செய்தோம் என்ற ஆவணத்தை மற்ற கார் நிறுவனங்களுக்கும் அனுப்பினார்கள். கிடைத்தது என்று ஃபோர்டின் தலைவர் ஜிம் ஃபார்லியே சொன்னார். ஸ்டீரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டு கிடையாது. கம்பியும் மென்பொருளும்தான்.

அதே அளவு குறைகளும் இருக்கின்றன. 2024 ஏப்ரலில் 3,878 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆக்சிலரேட்டர் மிதியின் மேல்தகடு நழுவி மேலே போய்ச் சிக்கிக்கொள்ளலாம், வண்டி தானாக வேகமெடுக்கலாம் என்பது காரணம். தகடு ஏன் நழுவியது? தொழிற்சாலையில் அதைப் பொருத்தச் சுலபமாக இருக்கட்டும் என்று சோப்பு தடவியிருக்கிறார்கள். அந்த மாற்றத்துக்கு முறையான ஒப்புதல் இல்லை. படித்ததும் எனக்கு முதுகு சில்லிட்டது. என்னைப் போல மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. யாரோ ஒருவர் அவசரத்தில், யாரிடமும் சொல்லாமல், நேராக புரொடக்‌ஷனில் கைவைத்த கதை! 2025 மார்ச்சில் 46,096 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். மேற்கூரை ஓரத்தில் பசை போட்டு ஒட்டிய எஃகுத் தகடு ஓடும்போது கழன்று விழலாம் என்று. அதுவரை செய்த வண்டிகளில் பெரும்பாலானவை அதில் அடக்கம்.

இதையெல்லாம் மகனுக்கு நான் சொல்லியிருக்கலாம். 48 வோல்ட்டையும் சொல்லியிருக்கலாம், சோப்பையும் சொல்லியிருக்கலாம். அவன் கார் பைத்தியம், உட்கார்ந்து கேட்டிருப்பான். நான் சொன்னது ‘குப்பைத்தொட்டி’ என்ற ஒரு சொல். அதுதான் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வண்டியின் சொந்தக்காரரை எங்கள் பள்ளியில் எல்லாரும் மதுரைக்காரர் என்றுதான் சொல்வோம். பொங்கல் விழாவுக்குப் பந்தல் கட்டுவதிலிருந்து பாத்திரம் திருப்பிக் கொடுப்பது வரை முன்னால் நிற்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். என்னோடு இருக்கும் அம்மாவும், “அவங்க வீட்டம்மாவப் பார்த்து ரொம்ப நாளாச்சு” என்று கூட வந்தார்.

கராஜ் கதவு திறந்திருந்தது. வண்டி உள்ளே நின்றது. அம்மா நேராக அதனிடம் போய்விட்டார். கடையில் குடம் வாங்குகிறவர் மாதிரி கதவை விரலால் சுண்டிப் பார்த்தார். “நல்ல கனம். எவர்சில்வர்தானே?”

“ஆமாம்மா, எவர்சில்வர்தான்” என்றார் மதுரைக்காரர்.

“கைபட்டா கறை தெரியுமே. உப்புத்தண்ணி பட்டா உடனே கழுவிடணும். இல்லேன்னா எவர்சில்வர்லகூடப் புள்ளி விழும், தெரியுமோல்லியோ?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வண்டியோடு வந்த கையேட்டிலும் கிட்டத்தட்ட அதுதான் எழுதியிருக்கிறதாம். பறவை எச்சம், சாலை உப்பு எது பட்டாலும் உடனே கழுவு என்று.

“எல்லாம் சரி, பேர் வெட்டலையா?” என்றார் அம்மா.

எங்கள் தலைமுறையில் சிலருக்கு இது புரியாமல் போகலாம். ஊரில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே வீட்டுக்காரர் பெயரைப் பொறித்துத் தருவார்கள். கல்யாணத்துக்கோ விசேஷத்துக்கோ இரவல் போன பாத்திரம் வீடு திரும்ப அந்தப் பெயர்தான் வழி. ஒரு லட்சம் டாலர் வண்டியைப் பார்த்து என் அம்மா கேட்டது அதைத்தான். எல்லாரும் சிரித்தோம். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அவர் மகளும் சிரித்தாள். அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்பது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

காபி வந்தது. “தம்பி, சின்னப் பய சொன்னதுக்கு நான் கோவிச்சுக்குவனா?” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, தான் ஏன் அதை வாங்கினார் என்று அவராகவே சொன்னார்.

2021 பிப்ரவரியை டெக்சாஸில் இருந்தவர்கள் மறக்க மாட்டோம். பனிப்புயலில் மின்சாரக் கட்டமைப்பே சரிந்து, 45 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் இருட்டில் கிடந்தன. அரசாங்கக் கணக்கின்படியே 240க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

“எங்கம்மா அப்ப இங்கதான் இருந்தாங்க. கொரோனாவால ஊருக்குத் திரும்ப முடியல. நெபுலைசர் வச்சாத்தான் அவங்களுக்குத் தூக்கமே. மூணு நாள் கரண்ட் இல்ல தம்பி. கார வெளிய நிறுத்தி, ஹீட்டர் போட்டு, அவங்கள உள்ள உக்கார வச்சு, சின்ன இன்வெர்ட்டர சொருகி ஓட்டினேன். பெட்ரோல் முள்ளு இறங்க இறங்க எனக்கு வயித்தக் கலக்குது. பங்க்லயும் கரண்ட் இல்ல. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே வீட்டுல ஒரு பெரிய பேட்டரி இல்லாம இருக்கக்கூடாதுன்னு.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வண்டியின் பேட்டரி சுமார் 123 கிலோவாட் மணி. சராசரி அமெரிக்க வீட்டுக்கு ஒரு நாளைக்கு 30 கிலோவாட் மணி தேவைப்படும். ஏறக்குறைய நாலு நாள் தாங்கும். ஹீட்டரைக் குறைத்தால் இன்னும் கூட.

நான் விடவில்லை. “ஃபோர்டு லைட்னிங்கும் அதைச் செய்யுமேண்ணா?”

“செய்யும். ஆனா இதுக்கு 2019லயே நூறு டாலர் கட்டி வச்சிருந்தேன். ஆசையும் இருந்துச்சு. அத ஏன் மறைக்கணும்?” என்றார்.

நானும் கட்டியிருந்தேன் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்பாக்குத் தெரியுமா?” என்றார்.

அவர் வண்டியை எடுத்தது 2024 வசந்தத்தில். அந்த ஜூலையில் எலான் மஸ்க் டிரம்ப்பை வெளிப்படையாக ஆதரித்தார். தேர்தலுக்குப் பிறகு அரசாங்கச் செலவைக் குறைக்கும் டோஜ் பணியில் முன்னால் நின்றார். 2025 தொடக்கத்தில் டெஸ்லா ஷோரூம்கள் முன்னால் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. சில இடங்களில் வண்டிகளைக் கொளுத்தினார்கள், கீறினார்கள். எலானுக்குக் கிறுக்குப் பிடிப்பதற்கு முன்னால் வாங்கியது என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு சிலர் ஓட்டினார்கள். அதே வேகத்தில் இன்னொரு பக்கம், அவரைப் பிடித்ததாலேயே டெஸ்லாவைப் பிடித்தவர்களும் வந்தார்கள்.

“சிக்னல்ல நிக்கிறேன். பக்கத்துல ஒருத்தன் கண்ணாடிய இறக்கி நடுவிரலக் காட்டுறான். பாப்பா பின்னாடி உக்காந்திருக்கா. ‘ஏம்ப்பா, நாம என்ன தப்பு பண்ணோம்?’ங்குறா. நான் என்னன்னு சொல்ல? அதுல இருந்து வண்டில ஏறினா சரிஞ்சு உக்காந்துக்கிறா. இன்னொரு நாள் ஒருத்தன் கட்டைவிரலத் தூக்கிக் காட்டி என்னமோ நான் அவன் கட்சின்னு நினைச்சுக்கிட்டுக் கத்துறான். ரெண்டு பேருக்கும் என்னைத் தெரியாது. வித்துரலாம்னு வீட்டுல சொல்றாங்க. வித்தா பாதிக்காசு போயிரும்.”

அவள் என் மகன் கத்தியதால் மட்டும் சரிந்து உட்காரவில்லை. ஏற்கெனவே பழகிப்போயிருக்கிறாள். ரோட்டில் முகம் தெரியாதவர்கள் செய்ததை, அவளுடைய பள்ளி வாசலில் நாங்கள் செய்திருக்கிறோம். எங்கள் அப்பா மணல் நிறக் கேம்ரி வாங்கித் தப்பிக்கப் பார்த்தது இதிலிருந்துதானே?

பிறகு என்னை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். ஸ்டீரிங்கை ஒரு பக்கம் அரைவட்டம்கூடத் திருப்ப வேண்டாம், சக்கரம் முழுக்கத் திரும்பிவிடுகிறது. பின்சக்கரங்களும் திரும்புவதால் அவ்வளவு பெரிய வண்டி சின்னக் கார் மாதிரி வளைகிறது. பின்னால் மூடியை மூடிவிட்டால் நடுக் கண்ணாடியில் ஒன்றும் தெரிவதில்லை, கேமராவைத்தான் நம்ப வேண்டும். எனக்குப் பிடித்ததையும் சொன்னேன், பயந்ததையும் சொன்னேன்.

பயம் எடையைப் பற்றி. ஏறக்குறைய 3 டன். அப்பாவின் கேம்ரி இரண்டைச் சேர்த்தால் வரும் எடை. அமெரிக்கச் சோதனையில் உள்ளே இருப்பவர்களுக்கு ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு. நடந்து போகிறவர்களுக்கு? ஐரோப்பாவில் வண்டியின் முகப்பு நடப்பவரை எப்படி மோதும் என்பதற்கும் விதி உண்டு. அமெரிக்காவில் அப்படி ஒரு விதியை 2024 செப்டம்பரில்தான் முன்மொழியவே செய்தார்கள். 2022இல் மட்டும் இந்த நாட்டில் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் 7,500க்கும் மேல்.

“சரிதான். ஆனா தம்பி, நம்ம தெருவுல நிக்கிற மத்த பிக்கப் எல்லாம்?” என்றார்.

பதில் இல்லை. முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமுள்ள சரிந்த முகப்பு வண்டிகளைவிட 45 சதவீதம் அதிகமாகப் பாதசாரிகளின் உயிரை எடுக்கின்றன என்று காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்பு அமைப்பு 2023இல் சொன்னது. அது எல்லா பிக்கப்களுக்கும், என் வீட்டு எஸ்யூவிக்கும் சேர்த்துத்தான். அந்த எஸ்யூவியைப் பார்த்து யாரும் விரலைக் காட்டுவதில்லை.

அன்று இரவு மகனோடு உட்கார்ந்து பேசினேன். ஆபீசில் ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்க்கும்போது ஒரு விதி உண்டு என்று சொன்னேன். கோடைப் பற்றிச் சொல், எழுதினவரைப் பற்றிச் சொல்லாதே. இந்த வரி தப்பு என்றால் திருத்தலாம். நீ முட்டாள் என்றால் எதைத் திருத்துவது? அதே மாதிரி இந்த வண்டியை நாலாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றேன். அழகா அசிங்கமா என்பது அவரவர் கண். நன்றாகச் செய்திருக்கிறார்களா என்பதை அளந்து பார்த்துச் சொல்லலாம். அந்தக் கம்பெனியின் தலைவர் செய்வது சரியா என்பது தனிக் கேள்வி. உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது நாலாவது. நமக்கு அந்த நாலாவது நன்றாகத் தெரியும்.

அவன் யோசித்தான். “அப்போ அந்தத் தலைவர் செய்றது தப்புன்னு நினைச்சா, வண்டி வாங்குறதும் தப்பாப்பா?”

இதற்கு எனக்குச் சுலபமான பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் இல்லை. காசு போகும் இடம் முக்கியம்தான், அதனால் நான் இப்போது அதை வாங்க மாட்டேன், ஆனால் அது என் பர்ஸைப் பற்றி நான் எடுத்த முடிவு, அடுத்தவர் பர்ஸைப் பற்றியது இல்லை என்றேன். நடுத்தெருவில் நின்று ஆர்ப்பாட்டம் செய்கிறவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் கம்பெனியை எதிர்ப்பது வேறு, பின்சீட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துக் கத்துவது வேறு.

“நம்ம வண்டி கம்பெனிக்குத் தலைவர் யாரு? அவர் நல்லவரா?”

எனக்குத் தெரியவில்லை. பேர்கூடத் தெரியவில்லை. “பாத்து சொல்றேன்” என்றேன். இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவனே போய் அவளிடம் சாரி சொன்னான். நான் தள்ளித்தான் நின்றேன். “பரவால்ல. ஆனா அது குப்பைத்தொட்டி இல்ல. எவர்சில்வர், உங்க பாட்டியே சொன்னாங்க” என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் விளையாடப் போய்விட்டார்கள்.

எனக்கு இன்னமும் அந்த வண்டியின் வடிவம் பிடிக்கவில்லை. மதுரைக்காரர் இன்னும் விற்கவில்லை, வைத்துக்கொள்ளப்போவதாகவும் சொல்லவில்லை. நாங்கள் சந்திக்கும்போதெல்லாம் அதைப் பற்றி வாதாடுகிறோம், பிள்ளைகள் கேட்கிற தூரத்தில்தான். நம் பிள்ளைகள் நாம் சொல்லிக்கொடுப்பதை மறந்துவிடுவார்கள், முன்சீட்டில் முணுமுணுப்பதை மறப்பதில்லை. வாதாடுவதையும் அவர்கள் கேட்கட்டுமே.

போன மாதம் தமிழ்ப் பள்ளியில் பெயர் எழுதும் பயிற்சி கொடுத்தார்கள். அவள் தன் பெயரைத் தமிழில், தடித்த எழுத்தில் எழுதி, பின்சீட்டு ஜன்னலின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள். என் அம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள்.

“பாட்டி, பேர் வெட்டியாச்சு!”